ஹேட்ரியனின் வரப்பு

1

நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவன் நல்லவனா? இப்படி மொட்டையாகக் கேட்டால் பதில் சுலபம் என்று தோன்றும். ஆசைக்கு அளவு வைத்தவனை எல்லாச் சமயங்களும் நீதிநூல்களும் மெச்சியிருக்கின்றன. ஆனால் நிறுத்திக்கொள்வது தனிமனிதன் ஒருவனாக இல்லாமல் ஓர் அதிகாரமாக இருந்தால், அப்போதும் அதே மெச்சுதலைத் தரலாமா? சென்ற மாதம் நண்பர் ஒருவருடன் நடந்த வாக்குவாதத்தில் இந்தக் கேள்வி ரோமானியச் சக்கரவர்த்தி ஹேட்ரியனின் பெயரில் வந்து சேர்ந்தது. நண்பர் கவிஞர். மார்கரீத் யூர்ஸனார் 1951இல் பிரெஞ்சில் எழுதிய நாவலை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, அந்தச் சூடு ஆறாமல் வந்திருந்தார். சாவை எதிர்பார்த்திருக்கும் ஹேட்ரியன் இளம் மார்க்கஸ் அரேலியஸுக்கு எழுதும் நீண்ட கடிதமாக அமைந்த நாவல் அது. "சரித்திரத்துல போதும்னு சொன்ன ஒரே ராஜா இவன்தாங்க" என்றார் நண்பர். அசோகனை மறந்துவிட்டார், போகட்டும். நானும் அந்த நாவலுக்கு வசப்பட்டவன்தான். ஆனால் அந்தப் 'போதும்' அன்றிலிருந்து எனக்குள் நெருடிக்கொண்டிருக்கிறது. நாவலை விட்டுவிடுகிறேன். நான் இங்கே பேச விரும்புவது அந்தச் சொல்லைப் பற்றி.

நண்பரின் பக்கத்தில் நிறைய நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 117ஆம் ஆண்டு ஆகஸ்டில் டிராஜன் இறந்தபோது ரோம சாம்ராஜ்யம் அதுவரை இல்லாத அளவுக்கு விரிந்திருந்தது. டேஸியாவை விழுங்கியாகிவிட்டது. கிழக்கே ஆர்மீனியா, மெஸப்பட்டோமியா, அஸீரியா என்று மூன்று புதிய மாகாணங்கள். பட்டத்துக்கு வந்த ஹேட்ரியன் எடுத்த எடுப்பிலேயே இந்தக் கிழக்கு மாகாணங்களைக் கைவிட்டான். எல்லை யூப்ரடீஸ் நதிக்குத் திரும்பியது. டான்யூபுக்கு அப்பாலிருந்த ரொக்ஸலானிக் கூட்டத்தார் தங்களுக்கு வரும் மானியத்தைக் குறைத்துவிட்டதாகக் கலகம் செய்தபோது அவர்களுடைய அரசனைக் கூப்பிட்டுப் பேசிச் சமாதானம் செய்துகொண்டான். அதே டான்யூபின் குறுக்கே டிராஜனுக்காக டமாஸ்கஸ்காரனான அப்பல்லடோரஸ் கட்டிய பாலம் இருந்தது. கல் தூண்கள் நதிக்குள் நிற்க, மேல் கட்டுமானத்தை மட்டும் ஹேட்ரியன் பிரித்துவிட்டான் என்று டியோ காஸியஸ் எழுதுகிறார். நாம் போகிற வழி அவர்கள் வருகிற வழியும் ஆகும் என்பது அவன் பயம்.

டேஸியாவையும் விட்டுவிட நினைத்தான் என்றொரு செய்தி உண்டு. நண்பர்கள் தடுத்தார்களாம். அங்கே குடியேற்றப்பட்ட ரோமானியர்களை அன்னியர் கையில் விட்டுவிட்டு வருவது எப்படி என்பது அவர்கள் கேட்ட கேள்வி. பிடித்த நிலத்தை விடலாம், அந்த நிலத்தில் நட்ட மனிதர்களை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்த சாம்ராஜ்யமும் நல்ல பதில் வைத்திருக்கவில்லை.

ரோமானியர்களுக்கு எல்லைக் கல்லுக்கென்றே டெர்மினஸ் என்று ஒரு தெய்வம் இருந்தது. கேப்பிடல் குன்றில் ஜூபிடருக்குக் கோயில் கட்ட மற்றச் சிறு தெய்வங்கள் இடம் விட்டு விலகியபோது டெர்மினஸ் மட்டும் நகர மறுத்துவிட்டது என்பது ஐதீகம். ரோமின் எல்லை ஒருநாளும் பின்வாங்காது என்பதற்கு இதைச் சகுனமாகக் கொண்டார்கள். இதைப் பிற்காலத்தில் புனித அகஸ்டின் கிண்டல் செய்கிறார்: ஜூபிடருக்கே நகராத தெய்வம் ஹேட்ரியனின் விருப்பத்துக்கு நகர்ந்து கொடுத்ததே என்று. கிண்டலைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஹேட்ரியனின் துணிச்சல் புரியும். வெல்வதே கௌரவம் என்றிருந்த ஒரு சமூகத்தில், வெற்றி ஊர்வலங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு சபையின் முன்னால், பின்வாங்கினேன் என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

2

நான் வங்கிக் குமாஸ்தா. ஸ்தாபனங்கள் எந்த நேரத்தில் 'போதும்' என்று சொல்லும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். திரும்பி வராத கடனை ஒரு கட்டத்துக்குமேல் கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். வட்டிமேல் வட்டி சேர்த்துச் சொத்தாகக் காட்டிவந்த தொகை ஒரு மார்ச் மாத இரவில் பேரேட்டிலிருந்து மறையும். அதில் கடன் வாங்கியவன்மீது இரக்கம் ஏதும் கிடையாது. பல சமயம் அவனுக்குத் தகவல்கூடப் போகாது. மறைவது நம் கணக்கிலிருந்த பொய் மட்டுமே.

மெஸப்பட்டோமியா அப்படிப்பட்ட கணக்கு. டிராஜன் உயிரோடிருந்தபோதே, 116இல், அங்கே கலகம் மூண்டுவிட்டது. கைக்கு அடங்காத பகுதியில் ஒரு பொம்மை அரசனை உட்கார வைத்துவிட்டுத்தான் அவன் திரும்பினான். ஸைரீனிலும் எகிப்திலும் ஸைப்ரஸிலும் யூதர்களின் பெருங்கலகம். டான்யூப் கரை அமைதியாக இல்லை. பிரிட்டனிலும் மௌரிடேனியாவிலும் குழப்பம். ஆக, ஹேட்ரியன் விட்டுக்கொடுத்தது ஏற்கெனவே விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. காக்க முடியாத மாஸிடோனியர்களுக்குச் சுதந்திரம் என்று முன்பு கேட்டோ சொன்னதை அவன் தனக்கு முன்மாதிரியாகக் காட்டினானாம். காக்க முடியாததை விட்டுவிடு என்பது நல்ல நிர்வாகம். ஆனால் இதை அறம் என்று கூப்பிடும்போது நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

118இல் அவன் செய்த இன்னொரு காரியம் என் தொழிலுக்கு நெருக்கமானது. அரசுக்கு வரவேண்டியிருந்த 90 கோடி ஸெஸ்டர்ஸ் பாக்கியைத் தள்ளுபடி செய்து, கடன் பத்திரங்களை ரோமில் ஊரறியத் தீயிலிட்டான். எரித்த இடம் டிராஜன் தன் வெற்றிகளின் நினைவாகக் கட்டிய மன்றம். இது தாராளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டில் நான்கு முன்னாள் கான்ஸல்கள் வெவ்வேறு இடங்களில் கொல்லப்பட்டார்கள். சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு, ஆணை செனட்டுடையது, எனக்கு இதில் விருப்பமில்லை என்று சக்கரவர்த்தி பிற்பாடு சொன்னான். அந்த நால்வரில் ஒருவர் அரேபியாவை டிராஜனுக்காகச் சேர்த்துக் கொடுத்த கொர்னேலியஸ் பால்மா. இன்னொருவர் கிழக்குப் போர்களில் பேர்பெற்ற மூர் இனத்துத் தளபதி லூஸியஸ் குவயீட்டஸ். பழைய வெற்றிகளின் மனிதர்கள். வெளியே சமாதானம் செய்துகொண்ட ஆட்சி உள்ளே எப்படித் தொடங்கிற்று என்பதை மறந்துவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் நண்பர் குறுக்கிட்டார். "நோக்கம் எதுவா இருந்தா என்ன? சண்டை நின்னுதா இல்லையா?" என்றார். இது பலமான வாதம். யூப்ரடீஸுக்கு அந்தப் பக்கம் பிழைத்துக்கொண்ட ஒருவனுக்கு, தான் பிழைத்தது சக்கரவர்த்தியின் தத்துவத்தாலா கஜானாவின் வறட்சியாலா என்ற ஆராய்ச்சி தேவையில்லை. உயிர் உயிர்தான். கொல்லாமல் விட்டவனின் மனத்தைச் சோதிப்பது சௌகரியமாக உட்கார்ந்திருப்பவனின் வேலை. இதை ஒப்புக்கொள்கிறேன். என் சந்தேகம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 'இதற்குமேல் எனக்கு வேண்டாம்' என்று சொல்கிற வாய், அதே மூச்சில், 'இதுவரை என்னுடையது' என்றும் சொல்லிவிடுகிறதே, அதை யாராவது கவனித்தார்களா?

3

ஹேட்ரியன் எல்லையை அரண்மனையில் உட்கார்ந்து வரைபடத்தில் வரையவில்லை. 21 ஆண்டு ஆட்சியில் பாதிக்குமேல் இத்தாலிக்கு வெளியே கழித்தான். பனியோ வெயிலோ, தலையில் எதுவும் அணியாமல் நடந்தான். சிப்பாய்கள் தின்னும் பன்றிக் கொழுப்பையும் பாலாடைக் கட்டியையும் தின்றான். அவர்கள் குடிக்கும் புளித்த காடித் தண்ணீரையே குடித்தான். 128இல் வட ஆப்பிரிக்காவில் லம்பீஸிஸ் முகாமில் படைகளின் பயிற்சியைப் பார்வையிட்டு அவன் பேசிய பேச்சு கல்லில் வெட்டப்பட்டு இன்றும் துண்டுதுண்டாகக் கிடைக்கிறது. மற்றவர்கள் பல நாள் எடுத்துக்கொள்ளும் அரணை ஒரே நாளில் கட்டிவிட்டீர்கள் என்று ஒரு பிரிவைப் பாராட்டுகிறான். கனமான, ஒன்றுக்கொன்று பொருந்தாத கற்களை வைத்துக் கட்டும் சிரமத்தை விவரமாகச் சொல்கிறான். கல்லின் கனம் தெரிந்த சக்கரவர்த்தி. இப்படிப்பட்ட மேலதிகாரி வந்துவிட்டுப் போனால் எந்தக் கிளையும் ஆறு மாதம் ஒழுங்காக இருக்கும்.

அவனுடைய எல்லை வேலைகளில் பெரியது பிரிட்டனின் சுவர். ஜெர்மனியில் காட்டு மரங்களை ஆழ நட்டு நெடுந்தூரத்துக்கு வேலி அடித்திருந்தார்கள். பிரிட்டனில் 122இல் அவனே வந்து பார்த்தான். கிழக்கே டைன் நதிக் கரையிலிருந்து மேற்கே ஸால்வே கழிமுகம்வரை 80 ரோமன் மைல், நம் கணக்கில் சுமார் 117 கிலோமீட்டர். கிழக்குப் பகுதி கல், மேற்குப் பகுதி முதலில் புல்கட்டி மண். மூன்று லீஜியன்கள் கட்டின. கட்டி முடித்ததும் காவல் நின்றவர்கள் லீஜியன்காரர்கள் அல்ல; பெரும்பாலும் குடியுரிமை இல்லாத துணைப்படையினர், வேறு மாகாணங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். பத்தடி அகலத்துக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டு, பாதியில் திட்டம் மாறி, அதே அஸ்திவாரத்தின்மேல் குறுகலான சுவரை எழுப்பிய இடங்களை இன்றும் பார்க்கலாம். மதிப்பீடு திருத்தப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு ரோமன் மைலுக்கும் ஒரு சிறு கோட்டை. இரண்டு கோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவல் கோபுரம். ஒவ்வொரு மைல்கோட்டைக்கும் தெற்கே ஒரு வாசல், வடக்கே ஒரு வாசல். சுவர் செங்குத்துப் பாறை விளிம்பில் ஓடும் இடங்களில்கூட இந்த விதி மாறவில்லை. வடக்கு வாசலைத் திறந்தால் வண்டி போக வழியில்லாத சரிவு. இதைப் பற்றிப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து சர்க்குலர் வந்தால் இடம் பார்க்காமல் அதை அமல்படுத்துகிற என் இனத்தார் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

சிரிப்பு அடங்கியபின் யோசித்தேன். வெளியே நிறுத்துவதுதான் நோக்கமென்றால் மைலுக்கொரு வாசல் எதற்கு? சுவரின் வேலை யாரையும் வராமல் தடுப்பதோடு நிற்கவில்லை. வருவதையும் போவதையும் அனுமதிக்குரிய விஷயமாக ஆக்குவது அதன் வேலை. நேற்றுவரை மாட்டை ஓட்டிக்கொண்டு போன பாதையில் இன்று ஒருவன் நின்று எங்கே போகிறாய் என்று கேட்பான். சீக்கிரமே சுவருக்குத் தெற்கே, அதாவது ரோமின் பக்கத்தில், இரு கரையிலும் மண்மேடிட்ட ஓர் அகன்ற பள்ளத்தையும் வெட்டினார்கள். அதைக் கடக்கக் கோட்டைகளின் எதிரே மட்டும்தான் வழி. சுவர் வடக்கே பார்த்துக்கொண்டிருக்கிறது. பள்ளம் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?

எல்லையைக் குறிக்கும் லத்தீன் சொல் 'லிமெஸ்'. அதன் பழைய பொருள் இரண்டு நிலங்களுக்கு நடுவே போகும் பாதை. பிறகு எதிரியின் காட்டுக்குள் படை போக வெட்டிய வழி. நாட்டெல்லை என்ற பொருள் அப்புறம்தான் வந்தது. நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நம்முடைய வரப்பு அதுதானே. வரப்பு நிலத்தைப் பிரிக்கிறது. அதே வரப்பின்மேல்தான் இரண்டு பக்கத்தாரும் நடக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு விரல்கடை வரப்பைச் செதுக்கித் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிற பங்காளியை எல்லா ஊரிலும் தெரியும். டிராஜன் அந்த ரகம் என்று வைத்துக்கொண்டால், இனிச் செதுக்கமாட்டேன் என்று கல்லில் வரப்புக் கட்டியவன் ஹேட்ரியன். நண்பரின் கட்சி இதுதான். இதோடு விஷயம் முடிந்திருந்தால் நானும் அந்தக் கட்சியில் சேர்ந்திருப்பேன்.

ஆனால் சுவரும் அதன் கோட்டைகளும் நின்ற இடங்கள் சிலவற்றைத் தோண்டியபோது, கட்டடத்துக்கு அடியில் உழவுச்சால்கள் தெரிந்தன. கலப்பை கீறிய மண். அதன்மேல்தான் கல்லை வைத்திருக்கிறார்கள். ஹேட்ரியன் போதும் என்று நின்ற இடம் யாரோ ஒருவனுடைய வயலின் நடு. அந்த வயலில் அதுவரை வரப்பு இல்லை.

4

சுவருக்குத் தெற்கே சிறிது தூரத்தில் விண்டோலாண்டா என்ற கோட்டை. சுவருக்கு முந்தியது. அங்கே 1973இல் ஈரமண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்தன. தபால் கார்டு அளவு, மையால் எழுதியவை. பிறகு ஆண்டுக்கணக்காகக் கிடைத்துக்கொண்டே இருந்து, இன்று ஆயிரத்துக்குமேல் சேர்ந்துவிட்டன. ஒரு தளபதியின் மனைவி இன்னொரு தளபதியின் மனைவியைப் பிறந்தநாளுக்கு அழைக்கும் கடிதம் அவற்றில் புகழ்பெற்றது. எனக்குப் பிரியமானது வேறு. சுவருக்கு ஒரு தலைமுறைக்கு முன்பு, மே 18ஆம் தேதியிட்டு, துங்கிரியர் படைப்பிரிவு எழுதிய ஆள்கணக்கு. மொத்தம் 752 பேர். வெளியே சென்றிருப்போர் 456. அதில் கோரியா என்ற ஊரில் மட்டும் 337. மீதி 296. அதில் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்வலி 10. வேலைக்கு லாயக்கானவர்கள் 265. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒரு சாம்ராஜ்யத்தின் எல்லை என்பது ஒரு வைகாசி நாளில் 265 பேர், அதுவும் இன்றைய பெல்ஜியத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், கண்வலிக்காரர்கள் எழுந்துவருவதற்காகக் காத்திருந்தார்கள். இன்னொரு சீவலில் உள்ளூர்க்காரர்கள் சண்டை போடும் விதத்தைப் பற்றிய குறிப்பு. எழுதியவர் அவர்களைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் 'பிரிட்டன் பயல்கள்' என்று பெயர்க்கலாம்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது மூன்றாவது ஒரு சீவல். கோதுமைக் கணக்கின் மறுபக்கத்தில் எழுதியிருந்த முறையீட்டின் நகல். எழுதியவன் வியாபாரி போலிருக்கிறது. ஹேட்ரியனுக்கே எழுதியது என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். சக்கரவர்த்தி 122இல் அந்தப் பக்கம் வந்தது பொருந்துகிறது. அவனைப் பிரம்பால் அடித்திருக்கிறார்கள். சரக்கைச் சாக்கடையில் கொட்டும் பேச்சும் வருகிறது. கோட்டைத் தலைவரிடம் சொல்லலாமென்றால் அவர் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறார். கீழதிகாரிகளிடம் முறையிட்டும் பயன் இல்லை. ஆகவே தங்கள் கருணையை வேண்டுகிறேன் என்கிறான். வாதத்தின் உச்சமாக அவன் சொல்வது இது: தான் குற்றமற்றவன்; அதோடு, கடல் கடந்து வந்தவன். குற்றவாளியைப்போலத் தன்னை ரத்தம் வர அடித்தது முறையா?

'கடல் கடந்து வந்தவன்' என்ற சொல் ஏன் அங்கே வருகிறது? குற்றமற்றவன் என்பது மட்டும் ஏன் போதவில்லை? உள்ளூர்க்காரன் முதுகில் பிரம்பு விழுவது வழக்கம், அதை ஆட்சேபிக்க எனக்கு ஒன்றுமில்லை, நான் அந்த வகையில் சேர்ந்தவன் இல்லை என்பதுதான் அவன் சொல்லாமல் சொல்வது. ரத்தம் காயாத முதுகோடு எழுதும்போதும் அவனுக்கு இந்தப் பாகுபாடு நினைவிருக்கிறது. கல்லில் கட்டிய சுவர் வடக்கே இருந்தது. அதே சுவர் இந்த மனிதனுக்குள்ளும் ஓடியது. சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பதால் மட்டும் ஒருவன் உள்ளே இருப்பவனாகிவிடுவதில்லை.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. கவுண்டரில் நீண்ட வரிசை. பென்ஷன் வாங்க வந்தவர்களும் பயிர்க்கடன் விஷயமாக வந்தவர்களும் கலந்து நின்றார்கள். மானேஜர் விடுப்பு. பெரியவர் ஒருவர் வரிசையை விட்டு வந்து கம்பியருகே குனிந்து, "சார், நான் முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவன். இவங்களோட என்னை நிக்க வெக்காதீங்க" என்றார் மெதுவாக. அவர் கணக்கில் ஏதோ பதிவு தவறியிருந்தது. தவறு எங்கள் பக்கம். நான் எழுந்து கதவைத் திறந்து அவரை உள்ளே உட்கார வைத்து, காப்பி வரவழைத்துக் கொடுத்து, பதிவைச் சரிசெய்து அனுப்பினேன். நல்ல காரியம் செய்ததாக அன்று முழுவதும் ஒரு திருப்தி. அவருக்கு இழைத்த தவறு சரி செய்யப்பட்டது என்பது உண்மையே. ஆனால் அந்தக் கதவைத் திறக்கும்போது வரிசையிலிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை, விண்டோலாண்டாச் சீவலைப் படிக்கும்வரை என் நினைவில் இல்லை. அவர்களில் யாருடைய கணக்கிலும் தவறு இருந்திருக்கலாம். வாத்தியாராக இருந்தேன் என்று சொல்ல அவர்களுக்கு வழி இல்லை.

அந்த முறையீட்டுக்கு என்ன பதில் வந்தது என்பதற்குச் சீவல் எதுவும் கிடையாது. கருணை கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். நியாயமான சக்கரவர்த்தி விசாரித்து, அடித்தவனைத் தண்டித்தான் என்றே வைத்துக்கொள்வோம். பிரம்பு அப்போதும் உள்ளூர்க்காரனுக்காகச் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

5

டொமிஷியன் இறந்த 96ஆம் ஆண்டிலிருந்து காமடஸ் பட்டத்துக்கு வந்த 180வரையிலான காலத்தைத்தான் மனித குலம் மிகவும் மகிழ்ந்திருந்த காலமாக கிப்பன் 1776இல் தீர்ப்பெழுதினார். ஹேட்ரியனின் ஆட்சி அந்தக் காலத்தின் நடுவே வருகிறது. அந்த நடுவின் கடைசிப் பக்கத்தை இப்போது பார்க்க வேண்டும்.

யூதேயா எல்லைக்கு வெளியே இல்லை. நன்றாக உள்ளே இருந்தது. 130ஐ ஒட்டி ஹேட்ரியன் அந்தப் பக்கம் வந்தபோது, 70இல் அழிக்கப்பட்ட ஜெருசலேத்தின் இடத்தில் தன் குடும்பப் பெயரைச் சேர்த்து ஏலியா காபிடோலினா என்ற புதிய நகரைக் கட்ட முடிவு செய்தான். இடிந்த கோயிலின் இடத்தில் ஜூபிடருக்குக் கோயில் என்று டியோ சொல்கிறார். அவன் எண்ணத்தில் இது கொடுமையாகவே பட்டிருக்காது. பாழடைந்த ஊரைப் புதுப்பிக்கிறோம், எல்லா மாகாணத்துக்கும் கொடுத்த அழகை இதற்கும் கொடுக்கிறோம் என்றே நினைத்திருப்பான். 132இல் பார் கோக்பாவின் தலைமையில் கலகம் வெடித்தது. அடக்க மூன்று ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. இதற்காக சாம்ராஜ்யத்தின் தலைசிறந்த தளபதி என்று ஒருவனை வரவழைத்தார்கள். பெயர் யூலியஸ் ஸெவெரஸ். அவன் எங்கிருந்து வந்தான் என்பதுதான் விஷயம். பிரிட்டனிலிருந்து. சுவர் எழுந்த மாகாணத்தின் கவர்னர் அவன். நேருக்கு நேர் மோதாமல், சிறு சிறு கூட்டங்களாக வளைத்து, உணவை மறித்து, அடைத்துவைத்து ஒடுக்கினான் என்பது டியோவின் விவரணை. வெளியே சுவர் கட்டிக் கற்ற வித்தை உள்ளே பயன்பட்டது.

டியோ தரும் கணக்கு: இடிக்கப்பட்ட அரண்கள் 50, கிராமங்கள் 985, சண்டையில் கொல்லப்பட்டவர்கள் 5,80,000. பட்டினியிலும் நோயிலும் தீயிலும் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. எண்ணிக்கை மிகை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் 985 என்பது குத்துமதிப்பாகச் சொல்கிறவன் சொல்லும் எண்ணாக எனக்குப் படவில்லை. யாரோ ஒரு குமாஸ்தா ஊர் ஊராக எழுதிக் கூட்டியிருக்கிறான். பிறகு யூதேயா என்ற பெயரே எடுக்கப்பட்டு மாகாணம் ஸிரியா பாலஸ்தீனா ஆயிற்று. யூதர்கள் தங்கள் நகருக்குள் நுழையத் தடை.

கிழக்கே மூன்று மாகாணத்தை ஒரே வீச்சில் விட்டுக்கொடுத்த அதே மனிதன்தான் இவன். முரண்பாடு என்று யூர்ஸனாரின் வாசகர்கள் வருந்துவார்கள். முதுமை, நோய், பிரியமான அந்தினோவஸின் சாவு என்று காரணம் தேடுவார்கள். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. மெஸப்பட்டோமியாவுக்கு இல்லாத ஒன்று யூதேயாவுக்கு இருந்தது: அது கோட்டுக்கு உள்ளே இருந்தது. கோடு தெளிவில்லாதவரை, பேரம் பேசலாம், பின்வாங்கலாம், மானியம் கொடுக்கலாம். கோட்டைக் கல்லில் போட்டபின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாணும் முழுமையாக, சந்தேகமில்லாமல், தன்னுடையதாகிவிடுகிறது. வெளியே இருப்பவன் முடியாது என்றால் அது ராஜதந்திரப் பிரச்னை. உள்ளே இருப்பவன் முடியாது என்றால் அது துரோகம்.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. 'போதும்' என்ற சொல்லுக்காக ஒரு அதிகாரத்தை மெச்சும் முன், அது எந்தப் பக்கம் திரும்பி நின்று அந்தச் சொல்லைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். நிலத்துக்கு எல்லை வைப்பது பெரிய காரியம்தான். டிராஜனுக்கு அது கைவரவில்லை. ஆனால் தன் உரிமைக்கு, தன் நிலத்துக்குள்ளேயே, இதற்குமேல் இவன்மீது எனக்குப் பாத்தியதை இல்லை என்று ஓர் எல்லை வைப்பது வேறு காரியம். முதலாவதை கஜானா கற்றுத்தரும். இரண்டாவதைக் கற்றுத்தர எதுவும் இல்லை. அந்த எல்லைக்குத் தெய்வமும் இல்லை, கல்லும் இல்லை. ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு முகத்தின் முன்னும், புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டிய கோடு அது. கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கதவை யாருக்குத் திறப்பது என்று தீர்மானித்துக்கொண்டிருக்கும் எனக்கும் அது கைவந்ததாகச் சொல்ல முடியாது.

ரோமானியத் தலைவர்கள் போர்முனையிலிருந்து செனட்டுக்கு எழுதும் கடிதத்துக்கு ஒரு சம்பிரதாய வாசகம் உண்டு. நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நலமென்றால் நல்லது, நானும் படைகளும் நலம் என்ற பொருளில் தொடங்குவார்கள். நாமும் எழுதியதுதானே, நலம், நலமறிய அவா. யூதேயாப் போரில் ரோமானியர்களும் ஏராளமாகச் செத்துப்போனதால் ஹேட்ரியன் தன் கடிதத்தில் அந்த வாசகத்தை விட்டுவிட்டான் என்று டியோ குறித்திருக்கிறார். விட்டது தன் படையின் துக்கத்துக்காக. மறுபக்கத்து 985 கிராமங்களுக்காக அல்ல. இருந்தாலும், அவன் எழுதியவற்றிலும் கட்டியவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது எழுதாமல் விட்ட இந்த ஒரு வரிதான். நலம் என்று எழுதக் கை வராத ஒரு நிமிஷம் அவனுக்கு இருந்திருக்கிறது. மேலே எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பான் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.